கண்ணாடி ஓட்டு ஆமை

குன்றடிச் சாமியின் மடத்துக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. ஒரு கூரை, ஒரு கிணறு, கூரைக்கு முன்னால் இடுப்பு உயரத்தில் ஒரு தட்டைக் கல். அவ்வளவுதான் மடம்.

அந்தக் கல்லுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பௌர்ணமி மாலையில் சீடர்கள் கூடுவார்கள். யாருடைய மனம் எந்தப் பொருளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறதோ, அவர் அந்தப் பொருளைக் கொண்டுவந்து கல்லின்மேல் இறக்கி வைப்பார். மறுநாள் அது தேவைப்படுகிற யார் வீட்டுக்காவது போய்விடும். கட்டாயம் எதுவும் இல்லை. வெறுங்கையோடு வந்தாலும் சாமி ஒன்றும் கேட்க மாட்டார்.

சாமிக்கு இன்னும் நாற்பது வயது ஆகவில்லை. சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அதனால் எல்லோரையும் 'நீங்க' என்றுதான் சொல்வார்.

மூத்தவர்களில் முக்கியமானவர் தணிகாசலம். ஊருக்குள் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். கல்லின்மேல் அதிகப் பொருள்களை வைத்தவர் அவர்தான். முதலில் ஊஞ்சல் பலகை. பிறகு பீங்கான் கோப்பைகள். பிறகு ஆளுயர நிலைக்கண்ணாடி. அதன் பிறகு தேக்குக் கட்டில்.

கட்டில் வாடகை வேனில் வந்து இறங்கியபோது எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து முன்வரிசையில், சாமிக்கு நேர் எதிரே, தணிகாசலத்துக்கென்று ஓர் இடம் தானாகவே அமைந்துவிட்டது. அவர் வரத் தாமதமானாலும் அதில் யாரும் உட்காருவதில்லை.

பூங்காவனம் என்று ஒரு பெண்மணி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை நடத்துபவள். அவள் மட்டும் தணிகாசலத்தைச் சும்மா விடமாட்டாள்.

"அண்ணே, இப்படியே போனா அடுத்த மாசம் வீட்டுக் கதவைக் கழட்டிக்கிட்டு வந்துடுவீங்க போலிருக்கே!"

"மனசு கதவுல ஒட்டியிருந்தா அதையும் கழட்ட வேண்டியதுதான், பூங்காவனம்."

"வெளியில நிறுத்தியிருக்கீங்களே, அந்தச் சைக்கிள்? பளபளன்னு என்னமா மின்னுது!"

"அது போக வர. அது தேவை."

"கட்டில் தேவை இல்லையாக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆவணி மாதப் பௌர்ணமி. தணிகாசலம் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். பையிலிருந்து ஒரு பொருளை எடுத்துக் கல்லின்மேல் வைத்தார்.

அது ஓர் ஆமை. உள்ளங்கையில் அடங்கும் அளவு. தலையும் கால்களும் அடிப்பாகமும் வெண்கலம். ஓடு மட்டும் கண்ணாடி. கண்ணாடிக்கு உள்ளே நீல நிறத்தில் ஓர் இழை, தண்ணீரில் விட்ட மை போலச் சுருண்டு நின்றது. அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள்.

முன்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மேசைமேல வைக்கிற அலங்காரப் பொருள், சாமி" என்றார் தணிகாசலம். "காகிதம் பறக்காம இருக்க. அதுக்கு ஒரு கல்லு போதும். என் கடையில பழைய பெடலை வச்சிருக்கேன், ஒரு காகிதமும் பறந்தது இல்லை. இது ஒரு நல்ல சேலை விலை. ஆடம்பரம்."

"யார் வாங்கினது?"

"வீட்டுல. ரெண்டு வருஷம் முன்னாடி பொருட்காட்சியில வாங்கினா. நகராட்சி ஆபீஸ்ல அவ மேசைமேல இருந்தது. ஆபீசுக்கு வெள்ளை அடிக்கிறாங்கன்னு வீட்டுக்குக் கொண்டு வந்தா. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததுமே இதை எடுத்துத் துடைக்கிறதும், ஜன்னல் பக்கம் திருப்பி வைக்கிறதும்... மனசு இதுலயே இருக்கு சாமி."

"யார் மனசு?"

"அவ மனசுதான். ரெண்டு பேரும் ஒரே குடும்பம்தானே."

சாமி ஆமையைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைக் கல்லின்மேல் திரும்ப வைக்கவில்லை. கூரைக்கு உள்ளே கொண்டுபோய், தான் சாய்ந்து உட்காரும் பலகைமேல் வைத்துக்கொண்டார்.

கல்லின்மேல் வந்த ஒரு பொருளைச் சாமி தனக்கென்று வைத்துக்கொண்டது அதுவே முதல் தடவை.

மறுநாள் காலையில் தணிகாசலம் தனியாக வந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"கட்டிலையே குடுத்துட்டீங்க. இந்தச் சின்ன ஆமையை ஏன் வச்சுக்கிட்டீங்க?"

"இதைக் கேட்டு ஒருத்தர் வருவாங்க. அதுவரைக்கும் வச்சிருக்கேன்."

"யாரு?"

"வரட்டும், பார்ப்போம். அதுவரைக்கும் நீங்க ஒரு வேலை செய்யணும். தினம் கடை திறக்கறதுக்கு முன்னாடி இங்க வந்து இதைத் துடைங்க."

தணிகாசலம் துடைத்தார். முதல் நாள் அது அவருக்கு ஒரு வேலையாகத்தான் இருந்தது. சைக்கிள் சக்கரத்தைத் துடைப்பதுபோல் அழுத்தித் துடைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு நாள், காலை வெயில் கண்ணாடியில் பட்டது. தரையில் ஒரு நீலப் பொட்டு விழுந்தது. வெயில் ஏற ஏற அந்தப் பொட்டு நகர்ந்து, பலகையின் விளிம்பில் ஏறி, மறைந்தது. தணிகாசலம் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று கடை திறக்க நேரமாகிவிட்டது.

அடுத்த நாள் கொஞ்சம் முன்னதாகவே வந்தார். வெயிலுக்காகக் காத்திருந்தார்.

"சாமி" என்றார், சிரித்துக்கொண்டே. "இது எனக்குப் பிடிச்சுப்போச்சு. இப்பத்தான் இதை நான் இறக்கி வைக்கணும்."

"இப்ப எப்படி வைப்பீங்க? நீங்கதான் ஏற்கெனவே வச்சுட்டீங்களே" என்றார் சாமி. அவர் சிரிக்கவில்லை.

தணிகாசலம் ஆமையைத் திருப்பினார். வெண்கலம் முழுவதும் லேசாகக் கறுத்திருந்தது. தலை மட்டும் பொன்போல மின்னியது.

"சாமி, தலை மட்டும் ஏன் தேஞ்சு மின்னுது?"

"துடைக்கிறவர் நீங்க. நீங்கதான் சொல்லணும்."

"தலையை மட்டும் நிறையத் தடவியிருக்காங்க."

"யாரு?"

"தெரியலை. அவளைத்தான் கேக்கணும்."

"கேளுங்க."

தணிகாசலம் துணியை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"அவ இப்பல்லாம் பேசறது இல்லை சாமி. முதல் நாள் வீடு முழுக்கத் தேடினா. சாமி கல்லுல வச்சுட்டேன்னு சொன்னேன். கையில கரண்டியோட அப்படியே நின்னா. அப்புறம் சோத்தைப் போட்டா. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை கேக்கலை. அவளும் விட்டுட்டா சாமி. என்னைவிட வேகமா விட்டுட்டா!"

"வேற எதுவும் சொல்லலையா?"

"திண்டிவனத்துக்கு மாற்றல் கேட்டிருக்கேன்னு சொன்னா. மக அங்கதான் இருக்கா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உன் இஷ்டம்னு சொன்னேன்."

"மாற்றல் வந்தா?"

"வந்தா போகட்டும். அதுவும் ஒரு இறக்கி வைக்கிறதுதானே சாமி?"

சொல்லி முடித்த பிறகு அவர் கை துடைப்பதை நிறுத்திவிட்டது. கிணற்றடியில் யாரோ வாளி இறக்கும் சத்தம் கேட்டது. தணிகாசலம் ஆமையைப் பலகைமேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"சாமி, இதைக் கேட்டு ஒருத்தர் வருவாங்கன்னு சொன்னீங்களே. அவ வருவான்னா சொன்னீங்க?"

"ஆமா."

"வரலையே."

"வரலை. இனிமே வர மாட்டாங்க" என்றார் சாமி. "இது எந்த மேசையில இருந்ததோ, அங்க கொண்டுபோய் வச்சுட்டு வாங்க."

அன்று கடை திறக்கவில்லை. தணிகாசலம் அதே மஞ்சள் பையில் ஆமையை வைத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்.

அவர் மனைவி மரகதவல்லி அங்கே பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் வேலை செய்தாள். முன்பக்கம் கம்பி வைத்த ஜன்னல். கம்பிக்குக் கீழே கை நுழையும் அளவு இடைவெளி. உள்ளே அவள் மேசை. இத்தனை வருடத்தில் தணிகாசலம் வாசலில் அவளை இறக்கிவிட்டிருக்கிறார், மழை நாளில் குடை கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றதில்லை.

வரிசை இருந்தது. அவரும் கடைசியில் போய் நின்றார். புதுச் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றியது. உள்ளே ஒவ்வொரு மேசையிலும் காகிதங்களின்மேல் ஏதோ ஒன்று இருந்தது. ஒன்றில் சரளைக் கல். ஒன்றில் துருப்பிடித்த பூட்டு. மரகதவல்லியின் மேசையில் ஓர் உடைந்த கூரை ஓட்டுத்துண்டு.

வரிசையில் முன்னால் நின்றவர் தலையை மழித்திருந்தார். அவர் முறை வந்தது.

"பிறப்பா, இறப்பா?"

"இறப்பும்மா. அம்மா."

"பேரு?"

அவர் பெயரைச் சொன்னார். வயதைச் சொன்னார். சொல்லும்போதே அவர் வலது கை கம்பிக்குக் கீழே நுழைந்து, மேசை விளிம்பில் எதையோ தேடியது.

"இங்க ஒரு ஆமை இருக்குமேம்மா? போன வருஷம் அப்பாவுக்கு எழுத வந்தப்ப இருந்துச்சு."

"இருந்துச்சுங்க."

"யாராச்சும் தூக்கிட்டுப் போயிட்டாங்களா?"

மரகதவல்லி பேனாவை நிறுத்தினாள்.

"ஆமாங்க" என்றாள்.

"பாருங்களேன்! சாவு எழுதற இடத்துலகூடத் திருடுறானுங்க. கை விளங்குமா அவனுக்கு?"

"எத்தனை மணிக்குங்க இறந்தாங்க?"

"விடியக்காலை" என்றார் அவர். தேடிய கையை வெளியே இழுத்துக்கொண்டார். அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டார்.

தணிகாசலம் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

வரிசை நகர்ந்தது. அவர் முறை வந்தது. மரகதவல்லி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"பிறப்பா, இறப்பா?"

அவர் பைக்குள் கையை விட்டார்.

"சொல்லுங்க. பின்னாடி ஆள் நிக்குது."

தணிகாசலம் ஆமையைக் கம்பிக்குக் கீழே நகர்த்தி வைத்தார்.

மரகதவல்லி முதலில் ஆமையைப் பார்த்தாள். பிறகுதான் அவரைப் பார்த்தாள். ஓட்டுத்துண்டை எடுத்து மேசைக்கு அடியில் போட்டாள். காகிதங்களை ஓரமாகத் தட்டி அடுக்கி, ஆமையை அவற்றின்மேல் வைத்தாள். தலை தன் பக்கம் இருந்ததைப் பார்த்து, ஜன்னல் பக்கமாகத் திருப்பினாள்.

"சாப்பாட்டு நேரத்துல வாங்க. இப்ப வேலை இருக்கு" என்றாள். "அடுத்தது யாரு? பிறப்பா, இறப்பா?"

மதியம் இருவரும் மாடிப்படிக்குக் கீழே நின்றார்கள். மரகதவல்லி டிபன் டப்பாவைத் திறந்து, பாதியை மூடியில் வைத்து அவரிடம் கொடுத்தாள். எலுமிச்சை சாதம். இரண்டு பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

"மரகதம், தலை மட்டும் ஏன் தேஞ்சிருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சது."

"இங்க வர்றவங்க ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லணும்ங்க. பேரு என்ன, வயசு என்ன, எப்படி இறந்தாங்க, எத்தனை மணிக்கு. வாய் சொல்லும். கைக்கு வேலை இருக்காது. இதோட தலையைத் தடவிக்கிட்டே சொல்லிடுவாங்க. குழந்தையைப் பறிகொடுத்தவ ஒருத்தி இதைக் கையிலயே வச்சுக்கிட்டு அரை மணி நேரம் நின்னா. வரிசையில ஒருத்தரும் சீக்கிரம்னு சொல்லலை."

"நீ சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டிருக்கலாமே."

அவர் சாதத்தை விழுங்கினார்.

"பட்டு எடுக்கலாம்னுதான் பொருட்காட்சிக்குப் போனேன்" என்றாள் மரகதவல்லி. "கண்ணாடிச் சாமான், வெண்கலச் சாமான்னு ஒரு கடை போட்டிருந்தாங்க. அணில், மயில், பேனா வைக்கிற கிண்ணம், எல்லாம் மேசைக்குன்னே சின்னச் சின்னதா. பட்டை எடுத்தா பீரோவுல வச்சிருப்பேன். வருஷத்துல ரெண்டு நாள் கட்டியிருப்பேன். சாவு எழுதறவ மேசையில அழகா ஒரு பொருள் இருந்தா என்ன தப்புன்னு தோணிச்சு. வாங்கினேன். தினம் பார்த்தேன். அவ்வளவுதான்."

"இப்ப வந்துடுச்சே. இனிமே யாரும் எடுக்க மாட்டாங்க."

"ஆமா. ஆமை வந்துடுச்சு" என்றாள். காலி டப்பாவை ஓரமாக வைத்தாள். "மாற்றலும் வந்துடுச்சுங்க. ஒண்ணாம் தேதி திண்டிவனத்துல சேரணும்."

தணிகாசலத்தின் கையில் மூடி இருந்தது. அதில் கடைசிப் பருக்கைகள் இருந்தன.

"வேண்டாம்னு எழுதிக் குடுக்க முடியாதா?"

"முடியும்."

"அப்போ?"

அவள் காலி டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"கட்டிலை யார் வீட்டுக்குக் குடுத்தாங்கன்னு சாமிக்குத் தெரியும், மரகதம். போய்த் திரும்ப வாங்கிட்டு வந்துடறேன். கண்ணாடியையும். ஊஞ்சலையும்."

"கட்டில்ல இப்ப யாரோ படுத்திருப்பாங்க. அவங்களை எழுப்பிட்டா தூக்கிக்கிட்டு வருவீங்க?" என்றாள் மரகதவல்லி. "கட்டில் போன அன்னைக்கு நான் கேட்டேன். தரையில படுத்தா இடுப்பு பிடிக்குதுன்னு சொன்னேன். உன் மனசு கட்டில்ல ஒட்டியிருக்குன்னு சொன்னீங்க. சரிதான்னு நானும் தரையில படுத்தேன்."

"கோபமா இருக்க."

"இல்லைங்க. கோபமா இருந்தா அன்னைக்கே கத்தியிருப்பேன்." மூடிக்காகக் கையை நீட்டினாள். "காலையில என் பொருளை ஒரு இடத்துல வச்சுட்டு வேலைக்குப் போறேன்னு வைங்க. சாயங்காலம் வந்தா அது அங்கேயே இருக்கணும். அந்த மாதிரி ஒரு வீட்டுல கொஞ்ச காலம் இருந்து பார்க்கணும்னு ஆசையா இருக்கு."

மூடியை வாங்கிக் குழாயில் கழுவினாள். உள்ளே போனாள்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் தணிகாசலம்தான் அவள் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றினார். ஒரே பெட்டி. அந்த வீட்டிலிருந்து அவள் எடுத்துப்போக அதிகம் எதுவும் இருக்கவில்லை.

"ரசம் அடுப்புமேல இருக்கு. ராத்திரிக்குச் சூடு பண்ணிக்குங்க" என்றாள். "கொஞ்ச நாளைக்கு வராதீங்க. மக கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

"ஆமையை எடுத்துக்கிட்டியா?"

"அது எதுக்கு? அங்க எனக்கு வரிவசூல் பிரிவு. இங்கதான் சாவு எழுத ஆள் வருவாங்க."

பஸ் கிளம்பியது. தணிகாசலம் கை காட்டினார். ஜன்னலோரம் இருந்த அவளும் காட்டினாள். அக்கம்பக்கத்தில் நின்றவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரிந்திருக்கும்.

அன்று இரவு அவர் ரசத்தைச் சூடு பண்ணவில்லை. முகம் கழுவிவிட்டுச் சீப்பை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் போனார். நிலைக்கண்ணாடி இருந்த இடத்தில் நீள்சதுரமாக வெளுப்பு மட்டும் இருந்தது. கண்ணாடி போன நாளிலிருந்து மரகதம் எதைப் பார்த்துத் தலை சீவினாள் என்று யோசித்தார். அவருக்குத் தெரியவில்லை.

சில நாள் கழித்து, என்ன நினைத்தாரோ, நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். வரிசையில் நின்றார். ஜன்னலுக்கு உள்ளே புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆமை அதே இடத்தில் இருந்தது. தலை வெளிப்பக்கம் பார்த்திருந்தது.

"பிறப்பா, இறப்பா?" என்று கேட்டார் புதியவர்.

தணிகாசலம் கையை உள்ளே விட்டு ஆமையின் தலையைத் தொட்டார். சற்று முன்பு யாரோ தடவியிருக்க வேண்டும். வெண்கலத்தில் அந்தக் கையின் சூடு இன்னும் இருந்தது.

"உங்களைத்தாங்க. பிறப்பா, இறப்பா?"

தணிகாசலம் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா, புதியவருக்குப் புரியவில்லை. தணிகாசலம் வரிசையிலிருந்து விலகி வெளியே வந்தார். நேராகக் குன்றடிக்குப் போனார்.

சாமி கூரைக்கு முன்னால் தரை பெருக்கிக்கொண்டிருந்தார். தணிகாசலம் கல்லின் பக்கத்தில் நின்றார்.

"அவ போயிட்டா சாமி."

சாமி துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

"ஆமை அவளுதுன்னு உங்களுக்கு முதல் நாளே தெரியும். நானே சொன்னேன். மத்ததெல்லாம்?"

"மத்ததும் தெரியும்."

"எப்படி?"

"கட்டில் தலைமாட்டுல மஞ்சள் கறை இருந்தது. நிலைக்கண்ணாடி ஓரத்துல ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது, வரிசையா."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். குடுக்கறதுக்கு முன்னாடி நான்தான் நகத்தால சுரண்டி எடுத்தேன்."

தணிகாசலம் பேசியபோது குரல் உயர்ந்திருந்தது. சாமியிடம் அவர் குரல் உயர்ந்தது அதுவே முதல் தடவை.

"அப்பவே ஏன் சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கட்டிலைத் திருப்பிக் கொண்டுபோயிருப்பேனே!"

"நீங்க வைக்கிறதைப் பார்த்து மத்தவங்களும் கொண்டுவந்து வச்சாங்க" என்றார் சாமி. "கல்லு நிறைஞ்சுது. பார்க்க நல்லா இருந்தது."

தணிகாசலம் அவரைப் பார்த்தார்.

"ஆமை வந்தப்பத்தான் பயம் வந்தது" என்றார் சாமி. "அவங்க வந்து என்னை ரெண்டு வார்த்தை திட்டிட்டு எடுத்துக்கிட்டுப் போவாங்கன்னு நினைச்சேன். அதுக்காகத்தான் பலகைமேல வச்சிருந்தேன். காத்திருக்காம அன்னைக்கே உங்க கையில திருப்பிக் குடுத்து அனுப்பியிருக்கணும்."

துடைப்பத்தை எடுத்து மறுபடி பெருக்க ஆரம்பித்தார். தணிகாசலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

பௌர்ணமி வந்தது.

அன்று கூட்டம் அதிகம். கல்லின்மேல் ஒரு வெள்ளிக் கிண்ணம், ஒரு கைக்கடிகாரம், யாரோ கொண்டுவந்த இரண்டு பித்தளைக் குடங்கள். முன்வரிசையில் சாமிக்கு எதிரே இருந்த இடம் காலியாகவே இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை.

தணிகாசலம் தாமதமாக வந்தார். முன்னால் போகவில்லை. கிணற்று ஓரமாகக் கடைசியில் நின்றார். வேட்டி கசங்கியிருந்தது. கையில் பை இல்லை.

பூங்காவனம்தான் முதலில் பார்த்தாள்.

"என்ன அண்ணே, இங்க நிக்கிறீங்க? கையில ஒண்ணையும் காணோம்? கதவைக் கழட்ட ஸ்பேனர் கிடைக்கலையா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"வீட்டுல எல்லாம் தீர்ந்துபோச்சு போல" என்றார் ஒருவர்.

"தீராதே! சைக்கிள் இருக்கே!" என்றார் இன்னொருவர். மறுபடி சிரிப்பு.

தணிகாசலம் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு நின்றார். பூங்காவனம் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றது.

"சாமி" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "அண்ணன் வெறுங்கையோட வந்திருக்கார்."

சாமி எழுந்து கல்லுக்குப் பக்கத்தில் வந்தார். கிண்ணத்தையும் கடிகாரத்தையும் குடங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். கல் வெறுமையானது.

"இல்லை பூங்காவனம்" என்றார். "இன்னைக்குத்தான் அவர் தன்னோடதைக் கொண்டுவந்திருக்கார்."